அறுபதிலும் பாரம் தூக்கலாம்: மலையக மூத்தவர்களுக்கு ஓர் அறிமுகம்

இலங்கை மலையகத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் பளுப் பயிற்சி தொடங்குங்கள் என்று சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: "வாழ்நாள் முழுக்கத் தூக்கியது போதாதா?" கொழுந்துக் கூடையையும் விறகுக் கட்டையும் உர மூட்டையையும் சுமந்து மலை ஏறி இறங்கியவர்கள் கேட்கும் கேள்வி அது. நியாயமான கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் "உடற்பயிற்சி நல்லது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது அவர்களுடைய உழைப்பை மதிக்காத செயல் என்றே நினைக்கிறேன். ஆகவே அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

வேலையில் தூக்கும் பாரத்தை நிர்ணயிப்பது வேலை. பல தோட்டங்களில் ஒரு நாள் பேர், அதாவது முழுநாள் சம்பளக் கணக்கு, விழ வேண்டுமென்றால் 18 கிலோ, 20 கிலோ கொழுந்து கேட்பார்கள். தெம்பான நாளிலும் அதே அளவு, உடம்பு சுகமில்லாத நாளிலும் அதே அளவு, குறைந்தால் அரைப்பேர். எடுக்க எடுக்க முதுகில் பாரம் ஏறிக்கொண்டே போகும். நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொட்டும்வரை இறக்கிவைக்க வழியில்லை. மழையில் நனைந்த கொழுந்து என்றால் இன்னும் கனம். களைத்த கால் சரிவில் எங்கே ஊன்றுகிறது என்று பார்க்கவும் நேரம் இருக்காது. இப்படியே முப்பது, நாற்பது ஆண்டுகள். அந்த வேலைக்குத் தேவையான பலம் முதல் சில மாதங்களிலேயே உடம்புக்கு வந்துவிடும். அதன்பின் அதே பாரத்தை அதே விதமாகச் சுமப்பதால் பலம் கூடுவதில்லை. ஓய்வு போதாமல் கழுத்தும் இடுப்பும் முழங்காலும் படும் பாடு மட்டும் தொடர்கிறது.

பளுப் பயிற்சியில் பாரத்தை நிர்ணயிப்பது உங்கள் உடம்பு. இன்று எவ்வளவு முடியுமோ அதைவிடச் சற்றுக் குறைவாகத் தொடங்குகிறீர்கள். எட்டு முதல் பன்னிரண்டு தடவை தூக்கிவிட்டு இறக்கிவைக்கிறீர்கள். மூச்சு நிதானமாகும்வரை உட்காருகிறீர்கள். ஒரு நாள் செய்தால் மறுநாள் விடுகிறீர்கள். பலம் கூடினால் மட்டும் பாரத்தைக் கொஞ்சம் கூட்டுகிறீர்கள். ஒரு நாளுக்கு அரை மணி நேரம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். கொழுந்து மலையில் சுமந்ததோடு ஒப்பிட்டால் அளவு மிகச் சிறியது. ஆனால் தசை வளர்வதற்குத் தேவையான தூண்டலும் ஓய்வும் இரண்டும் இதில் கிடைக்கின்றன.

மலைப்பாதையில் ஏறி இறங்குவதே பயிற்சிதானே என்று கேட்பவர்களும் உண்டு. டவுனுக்குப் போய் வருவதே ஒரு மலை ஏறுவதாக இருக்கும் தோட்டங்களில் மூத்தவர்களின் கால்கள் நகரத்தில் வாழும் அதே வயதுக்காரர்களின் கால்களைவிட உறுதியாக இருப்பதை நானும் பார்த்திருக்கிறேன். நடை இருதயத்துக்கும் மூச்சுக்கும் மிக நல்லது. அதை விடவே கூடாது. இருந்தாலும் அதே பாதையில், அதே உடம்பைச் சுமந்து, அதே வேகத்தில் நடக்கும்போது தசைக்குப் புதிதாக எதுவும் நேர்வதில்லை. தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் தேவையான தோள், மார்பு, மேல்முதுகுத் தசைகளுக்கு நடையில் வேலையே இல்லை.

வேலையிலிருந்து நின்ற பிறகு இன்னொன்றும் நடக்கிறது. நேற்றுவரை சுமந்த பாரம் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் தாயைப் பிள்ளைகள் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். "அம்மா, நீங்கள் இருங்கள், நான் தூக்குகிறேன்" என்று வாளியை வாங்கிக்கொள்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் தானே தூக்கிவைத்துவிட்டுப் போகிறான். அந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தூக்குவதற்கு எதுவுமே இல்லாத உடம்பு தசையை வைத்திருக்கக் காரணமில்லாமல் அதைக் கரைக்கத் தொடங்குகிறது. தாய் தந்தையர் மேல் அக்கறை உள்ள பிள்ளைகள், அவர்களால் பத்திரமாகத் தூக்க முடிந்ததை அவர்களையே தூக்க விடுவது நல்லது.

வயது போகும்போது தசைக்கு என்ன நடக்கிறது?

முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் ஏறத்தாழ 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதைத் தாண்டினால் இந்த வேகம் கூடுகிறது. 1989 இல் அமெரிக்க ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பேர்க் இதற்குச் சார்கோபீனியா என்று பெயரிட்டார். தசையின் அளவைவிடப் பலம் இன்னும் வேகமாக இறங்குகிறது. தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புக் கலங்களும் வயதோடு குறைவது அதற்கு ஒரு காரணம். சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள்தான் அதிகம் மெலிகின்றன என்பது இன்னொரு காரணம்.

அந்த வேக இழைகளின் அருமை மழைக்காலத்தில் தெரியும். லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) படிகளில் பாசி பிடித்திருக்கிறது, கால் வழுக்குகிறது. விழாமல் இருக்க மற்றக் காலைக் கண் இமைக்கும் நேரத்தில் முன்னே வைத்து முழு உடம்பின் பாரத்தையும் அதில் தாங்க வேண்டும். இளையவர் தாங்கிக்கொண்டு நடந்துவிடுவார். மூத்தவர் விழுவார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அதற்குப் பிறகான மாதங்கள் எப்படி இருக்கும் என்பதைப் பல குடும்பங்கள் அனுபவித்திருக்கின்றன. இரவில் குழாயடிக்கும் கழிப்பறைக்கும் வெளியே போய் வர வேண்டிய லயங்களில் இந்த ஆபத்து எல்லா நாளும் இருக்கிறது.

இழந்த பலத்தை இந்த வயதில் திரும்பப் பெற முடியுமா? முடியும். அதற்கு மிகத் தெளிவான சான்று 1990 இல் வந்தது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மரியா ஃபியாட்டரோன் என்ற வைத்தியரும் அவருடைய குழுவினரும் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் இருந்த 10 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களின் வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரங்கள் தொடைத் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். பெயருக்குக் கையைக் காலை அசைக்கும் பயிற்சி இல்லை, உண்மையாகவே கனமான பாரம். முடிவில் அவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. ஊன்றுகோலுடன் வந்த இருவர் அதை விட்டுவிட்டு நடந்தார்கள். தொண்ணூறு வயதில் இது முடிந்திருக்கிறது என்றால் அறுபது, எழுபது வயதுக்காரர் தயங்குவதற்குக் காரணமில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: பயிற்சியை நிறுத்தி நான்கு வாரங்களில் கிடைத்த பலத்தில் கணிசமான பகுதி போய்விட்டது. ஆகவே இது சில மாதங்கள் செய்துவிட்டு முடித்துக்கொள்ளும் வேலை இல்லை.

உலக சுகாதார அமைப்பு 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது. வளர்ந்தவர்கள் எல்லோரும் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள் சமநிலைப் பயிற்சியையும் வாரத்துக்கு மூன்று நாளாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்படியாகக் கூட்டுதல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து வந்த அமெரிக்கப் படையினருக்குச் சிகிச்சை அளித்தவர்களில் தோமஸ் டிலோர்ம் என்ற இளம் வைத்தியர் ஒருவர். மெலிந்துபோன தொடைத் தசைகளுக்கு அக்காலத்தில் இலேசான அசைவுகளை நிறையத் தடவை செய்யச் சொல்வதே வழக்கம். டிலோர்ம் அதை மாற்றினார். குறைந்த தடவை, ஆனால் நோயாளிக்குச் சிரமம் தரும் பாரம். நோயாளியின் பலம் கூடக்கூட அந்தப் பாரத்தையும் கூட்டுவது. படையினர் விரைவாகத் தேறினார்கள். 1945 இல் அவர் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகெங்கும் இயன்மருத்துவத்தில் (பிசியோதெரபியில்) அது இடம்பிடித்தது. இன்று ஜிம்மில் இருபது வயது இளைஞன் செய்வதும் வைத்தியசாலையில் முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் பாட்டி செய்வதும் இதே அடிப்படையில்தான்.

காரணம் எளியது. தசை தனக்குப் பழக்கமான பாரத்துக்கு அப்பால் சற்றுக் கூடுதலாகக் கேட்கப்படும்போது மட்டுமே வளர்கிறது. மிகக் குறைவாகக் கேட்டால் அது பொருட்படுத்துவதில்லை. திடீரென்று மிக அதிகமாகக் கேட்டால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாரும் மூட்டும் காயப்படும். தசை சில வாரங்களில் பலப்படும். தசைநார் பலப்பட அதைவிட நீண்ட காலம் வேண்டும். வயது போனவர்கள் அவசரப்படக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வீட்டில் இதைச் செய்ய விலை கொடுத்துத் தம்பெல் வாங்க வேண்டியதில்லை. கைபிடி உள்ள 5 லீட்டர் தண்ணீர்க் கேன் ஒன்று போதும். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 3 லீட்டர் ஊற்றினால் 3 கிலோ. அரை லீட்டர் கூட்டினால் 3.5 கிலோ. கடையில் விற்கும் பல தம்பெல்களில்கூட இவ்வளவு சிறிய அளவாகக் கூட்டுவது சிரமம். கேனின் வெளியே பேனாவால் அரை லீட்டருக்கு ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கேன் நிரம்பி, அதுவும் போதாமல் போகும் நாள் வந்தால் அரிசிப் பையில் மணல் நிரப்பி இரட்டையாகத் தைத்துக்கொள்ளலாம்.

எப்போது கூட்டுவது? ஒரு பாரத்தை எட்டுத் தடவை ஒழுங்காகத் தூக்கி, "இன்னும் இரண்டு மூன்று தடவை முடியும்" என்ற இடத்தில் நிறுத்தினால் அது உங்களுக்கு ஏற்ற பாரம். சற்று இளைப்பாறி இன்னொரு சுற்றுச் செய்யுங்கள். நாட்கள் போகப்போக எட்டு ஒன்பதாகும், பத்தாகும். இரண்டு சுற்றிலும் பன்னிரண்டு தடவை ஒழுங்காக வந்து, அடுத்த பயிற்சி நாளிலும் அதேபோல் வந்தால் அரை லீட்டர் ஊற்றுங்கள். அன்று மறுபடி எட்டிலிருந்து தொடங்கும். கை கால் நடுங்கி, உடம்பு கோணி, மூச்சை அடக்கித் தூக்கிய தடவைகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

முதல் இரண்டு மூன்று வாரங்கள் இந்தக் கணக்கும் வேண்டாம். மிக இலேசான பாரத்தில், அல்லது வெறுங்கையோடு, அசைவை மட்டும் பழகுங்கள். அந்த வாரங்களிலேயே பலம் கூடுவது தெரியும். கையோ காலோ பருக்காது. இருக்கும் தசையை ஒன்றாக வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொள்வதால் வரும் பலம் அது. தசை வளர்வது பிறகு மெதுவாக நடக்கும்.

தொடங்குவதற்கு முன்

நம்மில் அறுபதைத் தாண்டியவர்களில் பலரிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது. அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் கேளுங்கள்: "நான் பாரம் தூக்கும் பயிற்சி தொடங்கலாமா?" கட்டுப்பாட்டில் உள்ள பிரஷரும் நீரிழிவும் இதற்குத் தடை இல்லை, சரியாகச் செய்தால் இரண்டுக்கும் நன்மைதான். உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சீனியை வாங்கிக்கொள்வதில் மிகப் பெரிய பங்கு தசைக்கு உண்டு. ஆனால் பிரஷர் 180/110 ஐத் தாண்டி நிற்பவர்கள், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் வருபவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், சில வாரங்களுக்கு முன் கண்ணிலோ வயிற்றிலோ சத்திரசிகிச்சை செய்தவர்கள் வைத்தியரின் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. நீரிழிவால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்களும் அப்படியே.

நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிக்லசைட் போன்ற சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் பயிற்சி செய்ய வேண்டாம். பயிற்சியின்போது சீனி தாழ்ந்துபோகலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, தலைக் குழப்பம் வந்தால் உடனே நிறுத்தி இனிப்பாக ஏதாவது எடுக்க வேண்டும். அருகில் ஒரு டொபியோ சீனி போட்ட தண்ணீரோ இருக்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், கண் இருட்டுதல் வந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது; இளைப்பாறியும் நெஞ்சுவலி குறையாவிட்டால் காத்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியலில் அங்கே புல்லில் உறைபனி காணலாம். ராகலை, கந்தப்பளைப் பக்கமும் காலைக் குளிர் கடுமையானதுதான். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறும். தசையும் மூட்டும் விறைத்திருக்கும். விடியற்காலையில் எழும்பிப் பழகியவர்கள் என்பதற்காக விடிந்ததும் பாரம் தூக்க வேண்டியதில்லை. வெயில் ஏறிய பிறகோ பிற்பகலிலோ செய்யுங்கள். முதலில் பத்து நிமிடம் நடந்து, தோளையும் முழங்காலையும் அசைத்து உடம்பில் சூடு வந்த பிறகே கேனைத் தொடுங்கள்.

எந்த அசைவுகள்?

எல்லாவற்றுக்கும் முதல், கதிரையிலிருந்து எழும்புதல். பின்பக்கம் சுவரில் முட்டியபடி உறுதியான கதிரை ஒன்றை வையுங்கள். அதன் முன் பாதியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பளவு அகலத்தில் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். நெஞ்சை முன்னே கொண்டுவந்து, பாதம் முழுவதும் நிலத்தை அழுத்த, கையை ஊன்றாமல் எழும்புங்கள். பிறகு மூன்று எண்ணும்வரை மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது. இறங்கும்போது தசை செய்யும் வேலைதான் மலைப்பாதையில் இறங்கும்போது முழங்காலைக் காப்பாற்றுவது. எழும்ப முடியவில்லை என்றால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்துங்கள். இலகுவானதும் தலையணையை எடுங்கள், பிறகு உயரம் குறைந்த கட்டைக்கு மாறுங்கள், பிறகு கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். இதுவும் படிப்படியாகக் கூட்டுவதுதான்.

இந்த ஓர் அசைவுக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம்முடைய வீடுகளில் இன்னும் குந்தும் கழிப்பறைதான் அதிகம். பலர் நிலத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். யாருடைய கையையும் பிடிக்காமல் குந்தி எழும்ப முடிகிறதா என்பது ஒரு மூத்தவரின் மானத்தோடு தொடர்புடையது. அது முடியாமல் போகும் நாளிலிருந்து அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார், வெளியே போவதைக் குறைக்கிறார், உறவினர் வீட்டு விசேஷங்களைத் தவிர்க்கிறார். தொடையின் பலம் அவ்வளவு தூரம் போகிறது.

அடுத்தது, இடுப்பிலிருந்து மடிந்து தூக்குதல். ஜிம்மில் டெட்லிஃப்ட் என்பார்கள். கேனை முதலில் நிலத்தில் வைக்காமல் ஒரு முக்காலியில் வையுங்கள். அருகில் நின்று, முழங்காலைச் சிறிது தளர்த்தி, பின்பக்கத்தைப் பின்னே தள்ளி, இடுப்பில் மடியுங்கள். முதுகு வளையாமல் நேராக இருக்கட்டும். கேனை உடம்போடு ஒட்டிப் பிடித்து, பாதத்தால் நிலத்தை அழுத்தி நிமிருங்கள். முதுகை வளைத்துக் குனிந்து தூக்கிப் பழகியவர்களுக்கு இது ஆரம்பத்தில் விசித்திரமாக இருக்கும். ஒரு நீண்ட கம்பைப் பிடரியிலும் முதுகிலும் இடுப்பிலும் படும்படி பிடித்துக்கொண்டு மடிந்து பழகுங்கள். கம்பு மூன்று இடத்திலும் விலகாமல் இருந்தால் அசைவு சரி. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை வளைத்துப் பாரம் தூக்குவது ஆபத்தானது, முதுகெலும்பு நசுங்கி முறியலாம். ஆகவே இந்த அசைவை யாரையாவது பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

தள்ளுவதற்கு, சுவரில் இரு கையையும் ஊன்றி ஓரடி பின்னால் நின்று நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் தள்ளி வருதல். பழகப் பழகக் காலை இன்னும் பின்னே வைக்கலாம், பிறகு அசையாத மேசை விளிம்பில் செய்யலாம். இழுப்பதற்கு, ஒரு கையை மேசையில் ஊன்றிச் சாய்ந்து மறு கையால் கேனை இடுப்பருகே இழுத்தல். சுமப்பதற்கு, இரு கையிலும் சம பாரக் கேன்களைத் தொங்கவிட்டு நிமிர்ந்து சமதரையில் நடத்தல். குதிகால் உயர்த்துதலைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். அதே இடத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி நின்று பழகினால் சமநிலைக்கும் ஆகும். ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. கதிரை, இடுப்பு மடிதல், சுவர் தள்ளுதல் மூன்றோடும் ஒரு மாதம் போகட்டும்.

மூச்சைப் பற்றி ஒரு கண்டிப்பான விதி. தூக்கும்போதோ தள்ளும்போதோ மூச்சை வெளியே விடுங்கள். இறக்கும்போது உள்ளே எடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் பாரம் தூக்கினால் அந்தக் கணத்தில் பிரஷர் மிக உயரத்துக்குப் பாயும். தூக்கும்போது எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னால் மூச்சு தானாக வெளியேறும்.

நோவும் வலியும்

பயிற்சி செய்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடையிலும் தோளிலும் ஒருவிதமான நோவு வரும். இரு பக்கமும் ஒரேயளவாக, தசையின் நடுவில், தொட்டால் தெரியும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். அடுத்த முறை பாரத்தைக் கூட்டாமல் விட்டால் போதும். மூட்டுக்குள் குத்துவது, ஒரு பக்கம் மட்டும் வலிப்பது, காலுக்கு மின்சாரம் போல் இறங்குவது, மூட்டு வீங்குவது வேறு. அந்த அசைவை நிறுத்தி வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள்.

முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி அசைக்கவே கூடாது என்று நம்புபவர்கள் மலையகத்தில் மிக அதிகம். தேய்ந்த முழங்காலுக்குத் தொடைத் தசையின் பலமே பெரிய ஆதரவு. அளவான பளுப் பயிற்சியால் வலி குறைவதும் நடை இலகுவாவதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டிருக்கிறது. உயரமான இருக்கையிலிருந்து, வலி கூடாத அளவுக்கு மட்டும் மடித்துத் தொடங்குங்கள். பயிற்சியின்போது சிறிது வலி வந்து மறுநாள் காலையில் வழமைக்குத் திரும்பியிருந்தால் அந்த அளவு சரி. மறுநாளும் வலி கூடியே இருந்தால் அளவைக் குறையுங்கள்.

இளைப்பாறும் நாளைக் களவு என்று நினைப்பது உழைத்துப் பழகியவர்களின் இயல்பு. கொழுந்து எடுத்த மலையில் மறுநாளே மீண்டும் எடுக்க மாட்டோம். துளிர் வர ஒரு வாரம் போல் விட்டுத்தான் அந்த மலைக்குத் திரும்புவோம். தசைக்கு அவ்வளவு நாள் வேண்டாம், ஒன்றிரண்டு நாள் போதும். பலம் கூடுவது அந்த இடைநாட்களில்தான். திங்கள், வியாழன் என்று இரண்டு நாளைக் குறித்துக்கொண்டால் மற்ற நாட்களில் நடக்கலாம், தோட்டவேலை பார்க்கலாம்.

சாப்பாடு

பாரம் தூக்கியும் பலம் வராதவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் தட்டில்தான் குறை இருக்கும். காலையில் ரொட்டியும் சம்பலும், பகலில் சோறும் மரக்கறியும், இரவில் மீண்டும் ரொட்டி என்று சாப்பிடும் மூத்தவருக்கு வயிறு நிறையும், தசைக்கு வேண்டிய புரதம் நிறையாது. ஆரோக்கியமான மூத்தவருக்கு உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டுமென்று இத்துறை நிபுணர்கள் சொல்கிறார்கள். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவு இருக்கிறது. சமைக்காத பருப்பு, கௌபி, பயறு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 24 கிராம் அளவு. உலர்ந்த சோயாமீட்டில் ஏறத்தாழ அதன் இருமடங்கு. நெத்தலிக் கருவாட்டிலும் டின் மீனிலும் நிறைய உண்டு. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் எலும்புக்கு வேண்டிய கல்சியமும் கிடைக்கும். பிரஷர் உள்ளவர்கள் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கிச் சமைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பகல் சோற்றோடு தள்ளிவிடாமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். காலை ரொட்டியோடு சம்பலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் பருப்போ ஒரு முட்டையோ, மாலைத் தேநீருக்கு பிஸ்கட்டுக்குப் பதிலாக அவித்த கடலையோ வந்தால் நிலைமை நன்றாக மாறும். சாப்பாட்டோடு தேநீர் குடிப்பதை மட்டும் விட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கிறது. இரத்தம் குறைந்த உடம்பு பயிற்சியில் சீக்கிரம் களைத்துவிடும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிகிறது. ஆகவே இந்தப் பயிற்சியால் அதிகம் பயனடையப் போவது பெண்கள். தயங்கி ஒதுங்குபவர்களும் அவர்களே. அவுஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், அரை மணி நேரம், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் கனமான பாரம் தூக்கினார்கள். எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியது. வீட்டில் இலேசான பயிற்சி செய்தவர்களுக்குக் குறைந்தது. எலும்புக்கு நன்மை வர வேண்டுமென்றால் எப்போதும் இலேசான கேனிலேயே நின்றுவிடக் கூடாது என்பதே இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. தூக்கும் முறை கைவந்த பிறகு பாரம் கூடியே ஆக வேண்டும்.

சேலையோ நீளமான கவுணோ காலில் சிக்கும் என்பதால் தளர்வான காற்சட்டையோ சுடிதாரோ அணிந்துகொள்ளுங்கள். வெறுங்காலோடோ, வழுக்காத தட்டையான சப்பாத்தோடோ செய்யலாம். இறப்பர்ச் செருப்பு வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவோ மதினியோ சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒருவர் செய்யும்போது மற்றவர் முதுகைப் பார்க்கலாம், நாள் தவறும்போது கூப்பிடவும் ஆள் இருக்கும்.

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை போன்ற டவுன்களில் ஜிம் வசதி உண்டு. போக முடிந்தால் போங்கள். பணம் கட்டுவதற்கு முன் பயிற்சியாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: வயது போனவர்களுக்குப் பழக்கியிருக்கிறாரா, முதல் மாதம் பக்கத்தில் நின்று பார்ப்பாரா, உங்கள் நோயையும் மருந்தையும் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்வாரா. முதல் நாளே வேர்த்துக் கொட்ட வைப்பவரிடமிருந்தும், புரதப் பவுடர் டின் வாங்கச் சொல்பவரிடமிருந்தும் விலகிவிடுங்கள்.

விட்டுப்போனால்

காய்ச்சல் வரும், தேர்த் திருவிழா வரும், மகள் பிள்ளைப்பேற்றுக்கு வருவாள். இரண்டு மூன்று வாரம் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். அதற்காகத்தான் பயிற்சி நாளின் திகதி, கேனில் இருந்த லீட்டர், தூக்கிய தடவை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைக்கச் சொல்கிறேன். எழுத வராதவர்கள் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதலாம். திரும்பத் தொடங்கும் நாளில் கடைசியாக எழுதிய பாரத்தின் பாதியை எடுங்கள், ஒரு சுற்று மட்டும் செய்யுங்கள். அடுத்த வாரத்திலிருந்து பழைய விதிப்படி கூட்டிக்கொண்டு போகலாம். ஒருமுறை பலமடைந்த தசை விட்ட இடத்தைப் பிடிக்க முதல் தடவை எடுத்த அளவு காலம் எடுக்காது.